மும்பையில் சிறு அறக்கட்டளை நடத்துகிறீர்களா? முதலில் கொடுத்தவர்களைக் கவனியுங்கள்

மும்பையில் தமிழர்கள் நடத்தும் சிறு அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. தாராவியில் மாலைநேரப் படிப்பகம், சயான் கோலிவாடாவில் தையல் வகுப்பு, செம்பூரில் தனியாக வாழும் முதியவர்களுக்கு மருந்துச் செலவு, டோம்பிவிலியில் தமிழ் நூலகம் என்று ஏதாவது ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து, சொந்த வேலைக்கு நடுவே, வாடகை அறையில் நடத்திக்கொண்டிருப்பார்கள். ஆண்டுச் செலவு சில லட்சம் ரூபாய். நிதி திரட்டுவதற்கென்று தனி ஆள் கிடையாது. ஆள் வைக்கப் பணமும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "யாரிடம் போய்க் கேட்கலாம்?" என்பதுதான். "போன வருடம் யார் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பிறகு என்ன சொன்னீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம் ரசீதுப் புத்தகத்தைத் தேடுவார்கள். புதியவரைத் தேடிப் போக ரயில் செலவு, அச்சுச் செலவு, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வேண்டும். ஏற்கெனவே கொடுத்தவரிடம் மறுபடி பேச ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கையில் காசில்லாத நிறுவனம் தன் உழைப்பின் பெரும்பகுதியை அங்கேதான் போட வேண்டும். கீழே சொல்லும் வரிசையில் தொடங்குங்கள்.

பணம் வாங்குவதற்கு முன்

நன்கொடை அறக்கட்டளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். அவசரத்துக்குச் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கொடுப்பவர் மனதில் ஒரு சந்தேகம் விழும். அதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். அடுத்த முறை கொடுக்காமல் இருந்துவிடுவார்.

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின்படி அறநிலைய ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். மும்பையில் அந்த அலுவலகம் ஒர்லியில் இருக்கிறது. சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை அங்கே தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரித் துறையில் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவு வேறு, கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு வேறு. இரண்டுக்கும் காலவரம்பு உண்டு. முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

இதெல்லாம் நன்கொடையாளர் உறவுக்கு எதற்கு என்று தோன்றலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உங்களுக்குக் கொடுக்கப்போகிறவர்களில் பலர் வங்கியிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். காகிதத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். பதிவுச் சான்றிதழ்கள், பான் அட்டை, கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட ஐந்து நிமிடத்தில் அனுப்பினால், அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்பதில்லை.

யார் கொடுத்தது என்று தெரிய வேண்டும்

கியூஆர் அட்டை வந்த பிறகு பணம் வாங்குவது எளிதாகிவிட்டது. கொடுத்தவர் யார் என்று அறிவது கடினமாகிவிட்டது. பொங்கல் விழாவில் மேசைமேல் அட்டையை வைத்தால் மாலைக்குள் முப்பது பேர் பணம் அனுப்பியிருப்பார்கள். வங்கி அறிக்கையில் பாதிப் பெயர்கள் அரைகுறையாக இருக்கும். சிலருக்கு வெறும் எண்கள்தான் வரும். அந்த முப்பது பேரில் எவரையும் மறுபடி உங்களால் அழைக்க முடியாது.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத பணம் வருமான வரிக் கணக்கில் அநாமதேய நன்கொடை. அறப்பணி அறக்கட்டளைக்கு அப்படி வரும் தொகை, ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. சிறு அறக்கட்டளைகள் பல இந்த எல்லைக்குள்தான் இருக்கும். இருந்தாலும் பழக்கம் சரியாக இருக்க வேண்டும்.

ஆகவே கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு நோட்டும் பேனாவும், கூடவே ஓர் ஆளும். "ரசீது அனுப்ப உங்கள் பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அட்டையின் அடியிலேயே, "பணம் அனுப்பியதும் இந்த எண்ணுக்கு உங்கள் பெயரை வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று அச்சிடலாம். ஆனால் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் பலன் அதிகம்.

இப்படிச் சேரும் பெயர்களை ஒரு கூகுள் விரிதாளில் ஏற்றுங்கள். இதற்கென்று மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஐந்நூறு பெயர் வரைக்கும் விரிதாள் தாராளம். அதில் என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். பெயர், எண், தொகை, தேதி, பான் ஆகியவற்றை எல்லோரும் எழுதுவார்கள். கூடவே இவற்றையும் எழுதுங்கள்: அவர் யார் மூலம் வந்தார், எதற்காகக் கொடுத்தார், எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும், தமிழ் படிப்பாரா, எந்த நேரத்தில் அழைக்கக் கூடாது, கடைசியாக யார் என்ன பேசினார்கள், நாம் அவருக்கு எதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறோம். இந்தக் கடைசிப் பத்திதான் தங்கம். "ஆகஸ்டில் மாணவர் பட்டியல் அனுப்புவதாகச் சொன்னோம்" என்று எழுதி வைத்து ஆகஸ்டில் அனுப்பிவிட்டால், பாதி வேலை முடிந்தது.

இந்தத் தாளை இரண்டு பேர் மட்டும் பார்க்க முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய எண்ணும் பான் விவரமும் உங்களிடம் இருப்பது ஒரு பொறுப்பு. எண்ணை வாங்கும்போதே, "எங்கள் செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நன்றி: இரண்டு நாளுக்குள்

பணம் வந்த இரண்டு நாளுக்குள் நன்றி போய்ச் சேர வேண்டும். முதல் முறை கொடுத்தவர் என்றால் தொலைபேசியில் அழைத்தே சொல்லுங்கள். தொகை 200 ரூபாயாக இருந்தாலும் சரி. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர் கொடுக்கும் 200 ரூபாயை, பாந்த்ரா குர்லா வளாகத்து மேலாளர் கொடுக்கும் 5,000 ரூபாயோடு ஒப்பிட்டு நன்றியின் அளவைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இட்லிக்காரர்தான் பத்து வருடம் விடாமல் கொடுப்பார். உங்கள் மையத்துக்கு ஏதாவது என்றால் முதலில் வந்து நிற்பவரும் அவர்தான்.

அழைக்கும் நேரம் பார்த்து அழையுங்கள். காலை எட்டிலிருந்து பத்து வரையும், மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் மும்பையில் பாதிப் பேர் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். இரவு எட்டரைக்கு மேல், அல்லது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் பேசலாம். இட்லி விற்பவருக்கு இதே கணக்கு ஒத்துவராது. அவரைப் பிற்பகலில் பிடியுங்கள். விரிதாளில் நேரத்துக்கு ஒரு பத்தி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

செய்தியாக அனுப்புவதென்றால் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. நேற்று நீங்கள் அனுப்பிய 1,000 ரூபாய் நம் அறக்கட்டளைக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க இதைப் பயன்படுத்துகிறோம். ரசீது வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நோட்டு வாங்கியதும் தெரிவிக்கிறேன். மிக்க நன்றி."

இதில் பணம் சேர்ந்த செய்தி, அது போகும் இடம், அடுத்து நீங்கள் செய்யப்போவது ஆகிய மூன்றும் இருக்கின்றன. "தங்கள் பொன்னான கரங்களால் அளித்த நன்கொடைக்குச் சிரம் தாழ்ந்த நன்றி" என்ற வகை வாசகத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அது ஆயிரம் பேருக்கும் ஒரே மாதிரி போகிறது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் கடை வைத்திருப்பவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டால் மகிழ்வார். மாட்டுங்காவின் பெரியவர்கள் சிலருக்கு மாமா, மாமி இயல்பு. வேறு சிலருக்கு அது பிடிக்காது. பழகும் வரை ஐயா, அம்மா என்பதில் பிழையே வராது. முப்பது வயதுக்காரரை ஐயா என்றால் அவரே, "பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பள்ளியில் படித்தது ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். அவர்களுக்கு நீண்ட தமிழ்ச் செய்தி அனுப்பினால் திறக்காமலே கிடக்கும். அதே விஷயத்தைத் தமிழில் பேசிக் குரல் பதிவாக அனுப்பினால் ரயிலில் போகும்போது கேட்பார்கள். குரல் பதிவு முக்கால் நிமிடத்துக்குள் இருக்கட்டும். தமிழ் படிக்கும் பெரியவர்களோ குரல் பதிவைக் கேட்க விரும்புவதில்லை. அவர்களுக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

ரசீதும் வரியும்

80ஜி பற்றி நன்கொடையாளர்களிடம் தவறான எண்ணங்கள் உண்டு. "ஆயிரம் கொடுத்தால் ஐந்நூறு வரி மிச்சம்" என்று நினைப்பார்கள். சாதாரண அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகையில் 50 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வரியிலிருந்து அல்ல. 30 சதவீத வரி கட்டுபவர் 1,000 ரூபாய் கொடுத்தால் கூடுதல் தீர்வையையும் சேர்த்து அவருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 156 ரூபாய். இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டால் உங்கள்மேல்தான் வருத்தம் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. 2023–24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான தேர்வு என்பதால், சம்பளக்காரர்களில் பலருக்கு 80ஜியால் இப்போது எந்தப் பயனும் இல்லை. சுவரொட்டியில் 'வரிவிலக்கு உண்டு' என்பதைக் கொட்டை எழுத்தில் போடும் பழக்கத்தை இனி விட்டுவிடலாம்.

பயன் இருக்கிறவருக்கோ தாமதம் பொறுக்காது. கொடுத்தவர்களின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை எல்லாம் அடங்கிய 10பிடி படிவத்தை, நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அறக்கட்டளை இணையவழியில் தாக்கல் செய்து, அதிலிருந்து கிடைக்கும் 10பிஇ சான்றிதழை நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீதில் அச்சிடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் மாதமே எல்லோரிடமும் பான் எண்ணைச் சரிபார்த்துவிட்டால் மே மாதத்தில் பதற்றம் இருக்காது. பானில் உள்ள பெயரும் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பெயரும் நம்மவர்களுக்கு அடிக்கடி வேறுபடும். தந்தை பெயரை முதலெழுத்தாக வைப்பதும், பின்னால் விரித்து எழுதுவதும், ஊர்ப் பெயர் நடுவில் வருவதும் சேர்ந்து பெரிய குழப்பம். பானில் இருப்பதை அப்படியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

கேட்காமல் சொல்ல வேண்டிய செய்தி

ஒருவரிடம் மறுபடி பணம் கேட்பதற்கு முன்னால், பணம் கேட்காத செய்திகள் குறைந்தது இரண்டு அவருக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே வசூலுக்குத்தான் என்று அவர் நினைக்கத் தொடங்கிவிட்டால், பிறகு எடுக்கவே மாட்டார்.

என்ன சொல்வது? பெரிய சாதனை வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள். "பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் திண்டாடினோம். இப்போது வடாலாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வாரம் மூன்று நாள் வருகிறார். பயணப்படியாக மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறோம். நீங்கள் தந்த தொகையிலிருந்துதான் அது போகிறது." இது போதும். படிப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று ஒரு முகத்தோடு தெரிகிறது. 'பயணப்படி' என்று வெளிப்படையாகச் சொல்வதையும் கவனியுங்கள். சம்பளம், வாடகை, மின்கட்டணம் போன்றவற்றை மறைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மட்டுமே காட்டும் அறக்கட்டளைகள், ஒருநாள் "ஆசிரியருக்குச் சம்பளமா? நான் பிள்ளைகளுக்கல்லவா கொடுத்தேன்?" என்ற கேள்வியைச் சந்திக்கும். முதலிலிருந்தே சொல்லிப் பழக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் நன்கொடையாளர்களை ஒரே குழுவில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது வாரம் காலை வணக்கப் படங்கள் வரும், மூன்றாவது வாரம் அரசியல் வரும், நான்காவது வாரம் நல்ல நன்கொடையாளர் வெளியேறிவிடுவார். அறிவிப்புப் பட்டியல் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே முதல் நன்றி அழைப்பிலேயே, "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளின் படம் அனுப்புவதானால் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். அழுத முகம், கிழிந்த சட்டை போன்ற படங்களை அனுப்பாதீர்கள். தாராவியில் அந்தப் பிள்ளையின் சித்தப்பாவும் உங்கள் நன்கொடையாளராக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து நன்றி சொல்லச் சொல்வதும் கூடாது. நோட்டு அடுக்கிய மேசை, எழுதிக்கொண்டிருக்கும் கைகள், கரும்பலகையில் பாதி முடிந்த கணக்கு, இவையே நல்ல படங்கள்.

கெட்ட செய்தியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். தாராவி மறுமேம்பாட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கலாம். மழையில் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் நனைந்திருக்கலாம். கணினி வாங்கத் திரட்டிய பணம் போதாமல் போயிருக்கலாம். முதலில் உங்களிடமிருந்து தெரிய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித் தெரியக் கூடாது. குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்த வேண்டிய நிலை வந்தால், செலவழிக்கும் முன் அவரைக் கேளுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள். மறுத்தால் திருப்பிக் கொடுக்கும் மனமும் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஒற்றைப் பக்கக் கணக்கு அனுப்புங்கள். வரவு எவ்வளவு, எதற்கு எவ்வளவு செலவு, கையிருப்பு எவ்வளவு. பளபளப்பான அறிக்கைப் புத்தகம் அச்சிடாதீர்கள். அந்தச் செலவையும் அவர் அதே கணக்கில் பார்ப்பார். பதிவுபெற்ற அறக்கட்டளைகளுக்குக் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியின் கட்டணப் பதிப்பும், கூகுளின் அலுவலக மின்னஞ்சல் வசதியும் விண்ணப்பித்தால் இலவசமாகவே கிடைக்கும்.

வந்து பார்க்கச் சொல்லுங்கள்

நேரில் ஒரு முறை வந்தவர் எளிதில் விட்டுப் போவதில்லை. ஆனால் மும்பையில் யாரையும் வரவழைப்பது சாதாரணமல்ல. முலுண்டிலிருந்தும் வாஷியிலிருந்தும் வருபவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போய்விடும். ஆண்டுவிழாவுக்கு அழைப்பதைவிட, மாதத்தில் ஒரு சனிக்கிழமையை 'வந்து பார்க்கும் நாள்' என்று வையுங்கள். வகுப்பு வழக்கம்போல நடக்கட்டும். வருபவர் ஒரு மூலையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் கைபேசி வரைபடம் உதவாது. ஒருவரைச் சயான் ரயில் நிலையத்துக்கு அனுப்பி அழைத்து வருவதே மரியாதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

பொன்னாடையைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்கள் மேடை போட்டால் பொன்னாடை இல்லாமல் முடியாது. நன்கொடையாளர்களின் அலமாரியில் பிரிக்காத பொன்னாடைகளும் கண்ணாடி நினைவுப் பரிசுகளும் அடுக்காக இருக்கின்றன. அவர் கொடுத்த 2,000 ரூபாயில் 350 ரூபாயை அவர் தோளிலேயே போர்த்துவதை அவர் கவனிக்காமல் இருப்பார் என்று நினைக்கிறீர்களா? மேடையில் பெயரைச் சொல்லி, அவர் கொடுத்தது என்ன ஆனது என்று இரண்டு வாக்கியம் பேசுங்கள்.

பெயர்ப் பலகை கேட்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை. எந்தத் தொகைக்கு எந்த அளவில் பெயர், எத்தனை ஆண்டுக்கு என்பதை டிரஸ்டிகள் முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வைத்துக்கொண்டால், ஆளுக்கொரு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மறுபடி கேட்பது, எப்போது, எப்படி

காலத்தைப் பார்த்துக் கேளுங்கள். மும்பையில் விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விழா நடத்தும் மண்டல்காரர்கள் வர்கணிக்கு, அதாவது விழா வசூலுக்கு, நிற்பார்கள். அந்தச் சமயத்தில் நீங்களும் போய் நிற்காதீர்கள். பள்ளி ஜூன் நடுவில் திறப்பதால் நோட்டு, பை, மழைச்சட்டைக்கு ஏப்ரல் கடைசியிலேயே கேட்டுவிட வேண்டும். அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் தான் உத்சவ் நடக்கிறது. 2009இல் தொடங்கிய கொடை வாரம் இது. அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அந்த வாரத்தில் ஏதாவது செய்ய ஆர்வமாக இருப்பார்கள். பொங்கலுக்குப் பணம் கேட்காமல் வாழ்த்து மட்டும் சொல்லுங்கள். மார்ச் மாதம் பழைய வரி முறையில் இருப்பவர்களிடம் கேட்கலாம்.

கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்பது பணிவாகத் தோன்றும், கொடுப்பவரைச் சங்கடப்படுத்தும். "ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு நோட்டும் மாலைச் சிற்றுண்டியும் சேர்த்து 3,600 ரூபாய் ஆகிறது. மாதம் 300 என்று தர முடியுமா?" என்று கேட்டால் அவர் யோசித்துப் பதில் சொல்ல முடியும். தொகை உங்கள் உண்மையான கணக்கிலிருந்து வர வேண்டும். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். உடனே தொகையைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிறு அறக்கட்டளைக்கு உயிர்நாடி மாதச் சந்தாதான். மாதம் 200 ரூபாய் தருபவர்கள் நூறு பேர் இருந்தால் பல இடங்களில் அறை வாடகை முடிந்துவிடும். வங்கிச் செயலியிலேயே மாதாமாதம் தானாகப் போகும்படி அவரே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், கடவுச்சொல்லை மட்டும் அவரே அழுத்தட்டும். ரொக்கமாகத்தான் தருவேன் என்பவருக்கு மாதம் ஒரு முறை கடைக்குப் போய் ரசீது கொடுத்து வாங்குங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அந்தத் தெருவின் செய்தியெல்லாம் கிடைக்கும்.

நம்மவர்கள் பலர் பிறந்தநாள், பெற்றோர் நினைவுநாள், அறுபதாம் கல்யாணம் போன்ற நாட்களில் கொடுக்கிறார்கள். நாளைக் குறித்து வையுங்கள். ஆனால் நினைவுநாளுக்குப் பத்து நாள் முன்னதாக, "இந்த ஆண்டும் தருகிறீர்களா?" என்று செய்தி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அன்று காலை, "இன்று உங்கள் தாயார் நினைவாகப் பிள்ளைகள் படிக்கும் நூலக அடுக்கைப் பார்த்தேன், உங்களை நினைத்தேன்" என்று ஒரு வரி போதும். கொடுக்க நினைத்தவர் கொடுப்பார். இந்த ஆண்டு முடியாதவர் வருத்தமில்லாமல் இருப்பார்.

வெளிநாட்டுப் பணமும் நிறுவனப் பணமும்

செம்பூர் வீட்டின் மகள் நியூஜெர்சியில் இருப்பாள், அனுப்புகிறேன் என்பாள். அவள் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கடவுச்சீட்டு நகலைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் அது வர வேண்டும். ஆசையாகத் தருபவரிடம் மறுப்பது கஷ்டம்தான். காரணத்தை விளக்கி, இங்கே இருக்கும் அவருடைய பெற்றோர் தங்கள் பணத்திலிருந்து தர விரும்பினால் வரவேற்போம் என்று சொல்லலாம். அவர் அனுப்பி அவர்கள் கைமாற்றுவது கூடாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு முதல் ஏகப்பட்ட காகிதம் வேண்டும். முதல் மூன்று ஆண்டு அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு மாதம் 500 ரூபாய் தரும் இளைஞர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தால், வழி அவர் மூலமாகத் தானே திறக்கும். ஜனவரியில் நடக்கும் மும்பை மராத்தானில் அறக்கட்டளைகளுக்காக ஓடி நிதி திரட்டுபவர்கள் உண்டு. அதுவும் அப்படித்தான், உங்களுக்காக ஓட ஒருவர் முன்வந்த பிறகு யோசித்தால் போதும்.

கொடுப்பது நின்றால், ஆள் மாறினால்

இரண்டு மாதம் சந்தா வரவில்லை என்றால் உடனே நினைவூட்டாதீர்கள். நலம் விசாரித்து அழையுங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் நோய் இருக்கலாம். "இப்போது முடியவில்லை" என்று அவர் சொன்னால், "பரவாயில்லை, செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் முன்போலவே அனுப்புங்கள். பலர் ஓராண்டு கழித்துத் தாமாகவே திரும்பி வருவார்கள். நன்கொடையாளர் காலமானால் விரிதாளில் அன்றே குறித்துவிடுங்கள். இறந்தவர் பெயருக்குப் பொங்கல் வாழ்த்துப் போவதுபோல ஒரு குடும்பத்தைப் புண்படுத்துவது வேறில்லை.

நன்கொடையாளர்களோடு பேசிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருநாள் வேலை மாறி புனேவுக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அவரோடு உறவும் போய்விடாமல் இருக்க, போவதற்கு ஒரு மாதம் முன்பே அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கியமான நன்கொடையாளர்களை அழைத்து, "இனி இவர் பேசுவார்" என்று அறிமுகம் செய்யச் சொல்லுங்கள். சிம் கார்டு முதலிலிருந்தே அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். விரிதாளின் அனுமதியை மாற்றுங்கள், வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குக் கடவு எண்ணை மாற்றிப் புதியவரிடமும் ஒரு டிரஸ்டியிடமும் எழுதிக் கொடுங்கள்.